மென்பொருள் ஆக்குவோர்க்கேற்ற மடிக்கணினி

ஒரு தொழிலைக் கற்கப் புகுபவர் முதலில் அத்தொழிலுக்குரிய கருவியைத் தேடுகின்றார். தச்சுத் தொழில் பழகுபவருக்கு உளியும் சீவுளியும் வேண்டும். தையல் பழகுபவருக்குத் தையல் இயந்திரம் வேண்டும். அக்கருவிகள் நல்லனவா என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தே ஓரளவு மதிப்பிடலாம். வீட்டிலும் அயலிலும் அவற்றை அறிந்த முதியோரும் இருப்பர். ஆனால், மென்பொருள் ஆக்கும் தொழிலை நாடும் இளைஞனோ யுவதியோ மடிக்கணினி வாங்கச் செல்லும்போது நிலைமை வேறாகின்றது. கணினியின் வெளித்தோற்றம் உள்ளிருப்பதைக் காட்டுவதில்லை. பெற்றோர் பணத்தைத் தேடிக் கொடுப்பர். ஆலோசனை கூறுதல் அவர்களாற் பெரும்பாலும் இயலாது. ஈற்றில் விற்பவர் சொல்வதே முடிவாகிவிடுகின்றது.

இலங்கையில் இத்தகைய தவறு சிறு தவறன்று. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் அஃது ஏறக்குறைய 360 ரூபாவாயிற்று. 500 டொலர் பெறுமதியான ஒரு கணினி, வரியும் வணிகரின் இலாபமும் சேராமலே, 100,000 ரூபாவிலிருந்து 180,000 ரூபாவாக உயர்ந்தது. அதனைப் பெற்றோர் நகையை அடகு வைத்து வாங்கியிருக்கலாம். சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கியிருக்கலாம். அவ்வாறு வாங்கிய கணினி இரண்டாம் ஆண்டிலேயே தொழிலுக்கு உதவாமற் போகுமாயின், இழக்கப்படுவது பணம் மட்டுமன்று; கற்கும் காலமும் கற்பவரின் ஊக்கமும் அதனோடு போகின்றன.

கணினியைக் கையிற் கொண்டு செல்லும் முயற்சியின் வரலாற்றிலேயே இதற்குரிய பாடம் அடங்கியுள்ளது. 1981 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் ‘ஒஸ்போண் 1’ என்னும் கணினி வெளிவந்தது. எடுத்துச் செல்லத்தக்க கணினிகளுள் வணிகத்தில் முதலில் வெற்றி கண்டது அதுவே. அதன் விலை 1,795 டொலர். நிறை ஏறக்குறைய 11 கிலோகிராம். தையல் இயந்திரப் பெட்டியை ஒத்த உருவமும், அதன் நடுவே 5 அங்குலத் திரையும் அதற்கு இருந்தன. ஒரு வரியில் 52 எழுத்துக்களையே அத்திரை காட்டிற்று. அதனுள்ளே பற்றரி அமைக்கப்படவில்லை. சென்றவிடத்தில் மின்னிணைப்பைத் தேடவேண்டியிருந்தது. இருப்பினும் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். விலை, நிறை, வலிமை, மின்சாரம் ஆகிய நான்குக்குமிடையே அக்கணினி ஓர் உடன்பாட்டைச் செய்துகொண்டது. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் மடிக்கணினிகள் அந்த உடன்பாட்டிலிருந்து விடுபடவில்லை. இலேசானதும் வலியதும் நெடுநேரம் இயங்குவதுமான கணினி உண்டு; அது மலிவானதன்று. மலிவான கணினியும் உண்டு. அஃது எதையோ விட்டுக்கொடுத்தே மலிவாயிற்று. எதை விட்டுக்கொடுத்தது என்பதைக் கண்டறிதலே வாங்குபவரின் வேலையாகும்.

அவ்வாறு கண்டறிவதற்கு எளிய நெறியொன்று உண்டு. மடிக்கணினியின் உறுப்புக்களுட் சில, வாங்கிய பின்னரும் இலகுவாக மாற்றத்தக்கவை. வேறு சில, மாற்றவே முடியாதவை; அல்லது மாற்றுவதற்குப் பெருஞ்செலவை வேண்டுபவை. கடைகளிற் ‘புரொசெசர்’ எனக் கூறப்படும் முறைவழியாக்கி, திரை, விசைப்பலகை, உடற்கட்டு ஆகியன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சேமிப்பகமும் பற்றரியும் பல கணினிகளில் முதல் வகையின. ‘றாம்’ எனப்படும் நினைவகமோ சில கணினிகளில் மாற்றத்தக்கது. வேறு சிலவற்றில் மாற்ற முடியாதது. பணம் குறைந்தவர், பின்னர் மாற்ற முடியாதவற்றுக்கே முதலிற் பணத்தைச் செலவிடல் வேண்டும். மாற்றத்தக்கவை சற்றுக் குறைவாயிருப்பினும் பொறுத்துக்கொள்ளலாம்; வசதி வந்தபோது அவற்றைச் சீர்செய்யலாம்.

இந்நெறியைக் கையாளுமுன், மென்பொருள் ஆக்குபவர் கணினியைக்கொண்டு செய்வது யாது என்பதை அறிதல் நன்று. அவர் செய்நிரலைத் தட்டெழுதிப் பல கோப்புக்களாக வைக்கின்றார். தொகுப்பான் போன்ற கருவிகள் அவற்றை வாசித்து, இயந்திரம் ஏற்கும் வடிவுக்கு மாற்றுகின்றன. அதன் பின்னர் அவர் அதனை இயக்கிப் பார்க்கின்றார், பிழையைக் காண்கின்றார், திருத்தி மீண்டும் இயக்குகின்றார். இச்சுற்று ஒரே நாளில் நூறு முறை நிகழினும் வியப்பில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கணினி அரை நிமிடம் தாமதித்தால், நூறு சுற்றிற் கழிவது ஐம்பது நிமிடம். அதனினும் கேடானது, ஒவ்வோர் அரை நிமிடத்திலும் சிந்தனைத் தொடர் அறுந்துபோவதாகும். ஆகவே, இத்தொழிலுக்கு வேண்டுவது கண்ணைக் கவரும் வேகமன்று. இடையறாது, தடங்கலின்றி ஏவல் கேட்கும் இயல்பே.

அவ்வியல்பைத் தருவது முதன்மையாக நினைவகமாகும். நினைவகத்தை வேலை செய்யும் மேசைக்கும், சேமிப்பகத்தை அறையின் மூலையிலுள்ள அலுமாரிக்கும் ஒப்பிடலாம். மேசை பெரிதாயின் வேண்டிய தாள்கள் அனைத்தையும் விரித்து வைக்கலாம். மேசை சிறிதாயின் ஒன்றை எடுப்பதற்கு மற்றொன்றை அலுமாரியில் வைக்கவேண்டும். நினைவகம் போதாத கணினியும் அவ்வாறே வேலையை விட்டுவிட்டு அலுமாரிக்கு நடந்தவண்ணம் இருக்கின்றது. செய்நிரல் எழுதும் கருவி, பல பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும் இணைய உலாவி, ஒரு தரவுத்தளம் ஆகிய மூன்றும் ஒருங்கே இயங்குதல் இத்தொழிலில் அன்றாட நிகழ்ச்சி. அதற்கு 4 ஜிகாபைற் நினைவகம் போதாது. 8 ஜிகாபைற் என்பது கற்பவருக்குரிய கீழெல்லை. 16 ஜிகாபைற் இருப்பின் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. அண்ட்ரொய்ட் கைபேசிகளுக்கான மென்பொருளை ஆக்குபவர் திரையிலேயே ஒரு மாதிரிக் கைபேசியை இயக்கிப் பார்ப்பதால், அவருக்கு 16 ஜிகாபைற் தேவையெனவே கொள்ளலாம்.

நினைவகத்தின் அளவை மட்டும் கேட்டு நின்றுவிடுதல் போதாது. அது தாய்ப்பலகையிற் பற்றாசு வைத்து ஒட்டப்பட்டதா, கழற்றிப் பொருத்தத்தக்கதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். மெல்லியனவாகச் செய்யப்படும் கணினிகள் பலவற்றில் அஃது ஒட்டப்பட்டேயிருக்கும். அத்தகைய கணினியை 8 ஜிகாபைற்றுடன் வாங்குபவர், அக்கணினி உழைக்கும் காலம் முழுவதற்கும் 8 ஜிகாபைற்றையே வாங்குகின்றார். பொருத்துமிடம் ஒன்று வெறுமையாயிருக்கும் கணினியை வாங்குபவரோ நாளைக்கும் ஒரு வழியை வைத்துக்கொள்கின்றார். எனினும், பின்னர் வாங்குவது எப்போதும் மலிவாகும் என எண்ணுதலும் தவறு. 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்களின் தேவை மிகுந்தமையால், உலகச் சந்தையில் நினைவகத்தின் விலை வேகமாக ஏறிற்று. ஆதலால், கணினியின் விலையைக் கேட்கும்போதே மேலதிக நினைவகத்தின் விலையையும் கேட்டு, இரண்டையும் கூட்டிப் பார்த்தல் அறிவுடைமையாகும்.

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை, அதன் அளவினும் வகையே முதன்மையானது. பழைய மடிக்கணினிகளிற் சுழலும் வன்தட்டு இருந்தது. ஒரு கோப்பைத் தேடுவதற்கு அதன் முள் போன்ற உறுப்பு உரிய இடத்திற்கு நகர்ந்து, தட்டும் சுழன்று வரவேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு நேரம் செல்லும். அசையும் உறுப்பற்ற திண்மநிலைச் சேமிப்பகத்தில் அந்நேரம் அதனிலும் நூறிலொரு பங்காகக் குறைகின்றது. மென்பொருள் வேலை ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களைப் பற்றியதாதலால் இவ்வேறுபாடு உடனே புலப்படும். வன்தட்டுடன் கூடிய பழைய கணினியொன்று, அதனை நீக்கித் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தியதும் வேறொரு கணினி போலாகிவிடுகின்றது. 256 ஜிகாபைற் தொடக்கத்திற்குப் போதுமானது. மிக மலிவான புதிய கணினிகள் சிலவற்றில், கைபேசிகளில் வைக்கப்படுவது போன்ற மெதுவான சேமிப்பகம் 64 அல்லது 128 ஜிகாபைற் அளவில் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றை இத்தொழிலுக்கு வாங்காது விடுதலே நன்று.

வாங்குவோரைப் பெரிதும் மயக்குவது முறைவழியாக்கியின் பெயராகும். ஐ-7 என்பது ஐ-5 இனும் மேலானதெனப் பலர் நம்புகின்றனர். ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஒரே வகையினுள் அது பொதுவாக உண்மை. தலைமுறை மாறினால் உண்மையன்று. இன்ரெல் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட ‘ஐ-7 7500யூ’ என்பதில் இரண்டு கருக்களே உள. 2017 இல் வெளிவந்த ‘ஐ-5 8250யூ’ என்பதில் நான்கு கருக்கள் உள. பல கோப்புக்களை ஒருங்கே தொகுக்கும் வேலையில் நான்கு கருக்கள் உடையதே முந்தும். பழைய ஐ-7 பின்னிற்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் பெயர்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. 2022 இல் வெளிவந்த ‘ரைசன் 3 7320யூ’ என்பதன் முதல் எண் அதனைப் புதியதெனக் காட்டினும், அதன் கருக்கள் 2019 இல் அறிமுகமான வடிவமைப்பைச் சேர்ந்தவை. ஆகவே, விளம்பரத்திலுள்ள சுருக்கப் பெயரைக் கொண்டு முடிவு செய்யலாகாது. முழு எண்ணையும் எழுதிக்கொண்டு, வெளிவந்த ஆண்டையும் கருக்களின் தொகையையும் தேடி அறிதல் வேண்டும். நான்கு கருக்களோ அதனினும் மிகுதியோ உடையது சாதாரண மென்பொருள் வேலைக்குப் போதுமானது.

திரையும் விசைப்பலகையும் விலைப்பட்டியலின் கடைசி வரிகளில் இடம்பெறுபவை. ஆனால், கண்ணும் கையும் நாள்முழுதும் உறவாடுவது அவற்றோடுதான். மலிவான திரைகள் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள் கொண்டவை. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரை ஏறக்குறைய இருமடங்கு புள்ளிகளை உடையது. செய்நிரலின் வரிகளை மிகுதியாக ஒரே பார்வையிற் காண அது துணைபுரியும். சுழிகளும் வளைவுகளும் மிகுந்த தமிழ் எழுத்துக்களைச் சிறிய அளவிலும் தெளிவாகக் காட்டுவது அத்தகைய திரையே. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் மங்கி மாறுகின்றதா என்பதைக் கடையிலேயே சோதிக்கலாம். விசைப்பலகையில் நான்கைந்து வரிகளைத் தட்டெழுதிப் பார்த்தல் வேண்டும். விசைகள் அழுந்தும்போது பலகை நடுவிற் பள்ளம் விழுமாயின் உடற்கட்டு உறுதியற்றது எனக் கொள்ளலாம். நிறையையும் மறத்தலாகாது. 14 அங்குலத் திரையுடைய கணினி பெரும்பாலும் ஒன்றரைக் கிலோகிராம் அளவினது, 15.6 அங்குலத் திரையுடையது இரண்டு கிலோகிராமை எட்டலாம். பேருந்தில் நின்றபடி வகுப்புக்குச் செல்பவருக்கு அந்த அரைக் கிலோகிராம் பெரிது. வீட்டு மேசையை விட்டு அசையாதவருக்கு அஃது ஒரு பொருட்டன்று.

பற்றரியின் அருமையை இலங்கை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடைமுறையிலிருந்தது. பற்றரியின் கொள்ளளவு ‘வாற்று மணி’ என்னும் அலகிற் கூறப்படும். 50 வாற்று மணிப் பற்றரியைக் கொண்ட கணினி, மணிக்கு 10 வாற்று மணி வீதம் செலவிடுமாயின் ஐந்து மணி நேரம் இயங்கும். ஆனால், இலிதியப் பற்றரிகள் சில நூறு முறை மின்னேற்றப்பட்டதும் கொள்ளளவில் தேய்வடைகின்றன. பாவித்த கணினியின் பற்றரி அறுபது வீதமாகக் குறைந்திருந்தால் ஐந்து மணி நேரம் மூன்றாகிவிடும். விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டிலும், பற்றரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் காட்டும் அறிக்கையைப் பெறலாம். அவ்விரு எண்களையும் காண்பிக்குமாறு விற்பவரைக் கேட்டல் தவறன்று. மாற்றுப் பற்றரி சந்தையிற் கிடைக்குமாயின், தேய்ந்த பற்றரியைக் காரணமாகக் காட்டி விலையைக் குறைத்தும் வாங்கலாம்.

இனி, புதிய மலிவான கணினியா, பாவித்த உயர்தரக் கணினியா என்னும் வினா எழுகின்றது. பெரு நிறுவனங்கள் தம் ஊழியருக்கென வாங்கும் மடிக்கணினிகள் உறுதியான உடற்கட்டும் நல்ல விசைப்பலகையும் உடையவை. அவற்றுட் பல, திறந்து செப்பனிடுவதற்கு ஏற்றவாறு செய்யப்பட்டவை. மூன்று நான்கு ஆண்டுகளில் நிறுவனங்கள் அவற்றைக் கைவிட, அவை செப்பனிடப்பட்டுக் குறைந்த விலையிற் சந்தைக்கு வருகின்றன. பின்னர் மாற்ற முடியாதவற்றுக்கே முதலிடம் என்னும் நெறியின்படி நோக்கின், சம விலையிற் கிடைக்கும் புதிய மலிவுக் கணினியினும் இவையே பெரும்பாலும் மேலானவை. புதியதிற் கிடைப்பது உத்தரவாதம். பாவித்ததிற் கிடைப்பது தரம். உத்தரவாதமின்றி அச்சப்படுபவர் புதியதை வாங்குதலிற் குறையொன்றுமில்லை; ஆனால், அதற்கென எதைக் கொடுக்கின்றார் என்பதை அறிந்து வாங்குதல் வேண்டும்.

இங்கே 2025 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். அவ்வாண்டு ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘விண்டோஸ் 10’ என்னும் பணிசெயல் முறைமைக்கான பொது ஆதரவை நிறுத்திற்று. அதன் பின்வந்த ‘விண்டோஸ் 11’ சில விலக்குகள் நீங்கலாக இன்ரெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. இதனால், உடல்நலம் குன்றாத கணினிகள் பல, பழையனவென ஒதுக்கப்பட்டன. விண்டோஸ் கட்டாயமெனக் கருதுபவர் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததை வாங்கலாகாது. ஆனால், லினக்ஸைப் பழக விரும்புபவருக்கு அத்தடை இல்லை. 1991 இல் தோன்றிய லினக்ஸ் இலவசமாகப் பெறத்தக்கது. பழைய கணினிகளிலும் இலேசாக இயங்குவது. இணையத்தின் சேவைக் கணினிகளிற் பெரும்பாலானவை அதனிலேயே இயங்குகின்றமையால், அதனைப் பழகுதல் தொழிற்கல்வியின் ஒரு பகுதியுமாகும்.

பாவித்த கணினியை வாங்குபவர் சில சோதனைகளைத் தவறாது செய்தல் வேண்டும். கணினியை முற்றாக நிறுத்தி மீண்டும் தொடக்கி, தொடக்க நிலையில் முந்திய உரிமையாளரின் கடவுச்சொல் எதனையும் கேட்கின்றதா எனக் காணவேண்டும். நிறுவனத்தின் பூட்டு நீக்கப்படாத கணினி, எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். பிணைச்சல்களை மெல்லத் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். அரைமணி நேரம் இயக்கி, மிகையாகச் சூடேறுகின்றதா, காற்றாடி ஓலமிடுகின்றதா எனக் கவனிக்கவேண்டும். இணைப்பு வாய்கள் ஒவ்வொன்றையும் ஒரு பொருளைச் செருகிச் சோதிக்கவேண்டும். இவற்றுக்கு நேரம் தர மறுக்கும் விற்பனையாளரை விட்டு அடுத்த கடைக்குச் செல்லலாம்.

இதுகாறும் கூறியவை இணையத்தளங்கள், அலுவலக மென்பொருள்கள், தரவுத்தளங்கள், கைபேசிச் செயலிகள் ஆகியவற்றை ஆக்குவோருக்குப் பொருந்தும். சில துறைகளுக்கு விலக்கு உண்டு. ஐபோனுக்கான மென்பொருளை ஆக்கி வெளியிடுவதற்குரிய ‘எக்ஸ்கோட்’ என்னும் கருவி அப்பிள் கணினிகளில் மட்டுமே இயங்கும். 2020 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘எம்-1’ முறைவழியாக்கியைக் கொண்ட ‘மக்புக் எயர்’ 1.29 கிலோகிராம் நிறையும், காற்றாடியற்ற அமைதியும், நெடுநேரம் இயங்கும் பற்றரியும் உடையது. ஆனால், அதன் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னர் பெருக்க முடியாது. முப்பரிமாண விளையாட்டுக்களை ஆக்குபவருக்குத் தனியான வரைவியல் முறைவழியாக்கி வேண்டும். செயற்கை நுண்ணறிவைப் பயில்பவருக்கு அதனிலும் வலிய கருவிகள் வேண்டியிருப்பினும், அவற்றை இணையத்தின் வழியே மணிக்கணக்கில் வாடகைக்குப் பெறலாம். என்றோ ஒருநாள் செய்யக்கூடிய வேலைக்காக இன்றே பெருவிலை கொடுத்து, இரண்டரைக் கிலோகிராம் சுமையை நாள்தோறும் தோளிற் சுமக்க வேண்டியதில்லை.

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் ஐந்து வினாக்களை எழுதிக்கொள்ளலாம். முறைவழியாக்கியின் முழு எண் யாது? நினைவகம் எவ்வளவு, அஃது ஒட்டப்பட்டதா, பொருத்தப்பட்டதா? சேமிப்பகம் எவ்வகையினது, அதனை மாற்றலாமா? திரையின் புள்ளிகள் எத்தனை? பற்றரியின் கொள்ளளவும், மாற்றுப் பற்றரியின் விலையும் யாவை? இவ்வினாக்களுக்கு விடை பெறுவதற்குக் கணினிக் கல்வி வேண்டியதில்லை. பிள்ளையுடன் கடைக்குச் செல்லும் தாயோ தந்தையோகூட அத்தாளை வாசித்து வினவலாம். விடைகளை அதன் எதிரே எழுதிக்கொண்டு, வேறு இரண்டு கடைகளிலும் வினவி ஒப்பிட்டு, வீட்டிற்கு மீண்டு ஓரிரவு ஆறுதலாக எண்ணிப் பார்த்த பின்னரே பணத்தை எடுத்தல் நன்று. அடகு வைத்த நகையை மீட்பதற்கு முன்னரே பழுதாகிப்போகும் கணினி எவ்வளவு மலிவாயினும் விலை கூடியதே. நகை வீட்டுக்கு மீண்ட பின்னரும் அப்பிள்ளையின் கையில் நின்று உழைப்பது எதுவோ அதுவே மலிவான கணினியாகும்.